தேவையில்லாத அரைச் சுற்று

இந்த ஊரில் யாரோ ஒருவர் தம்முடைய காட்டுவண்டிக்கு, கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்ததைவிட இரண்டு அளவு பெரிய டயர் போட்டிருக்கிறாராம். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும், எந்தப் பள்ளத்தில் இறக்கினாலும், டயர் எங்கேயும் உரசுவதே இல்லையாம். இதை எனக்குச் சொன்னவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். அவருக்குச் சொன்னவர், வண்டி கழுவும் இடத்தில் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர். அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, “அது தெரியாது, ஆனா நம்பகமான ஆளு” என்று பதில் வந்ததாம். நானும் இரண்டு வருடமாக விசாரித்துப் பார்த்துவிட்டேன். அந்த மகானை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் மட்டும் இதுவரை ஒன்பது பேர்.

நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. ‘அந்த மகான் நான்தான்’ என்று சொல்லிக்கொண்டு நம் நடுவே உலவும் ஓர் இனத்தைப் பற்றி. அந்த இனத்தாரை இனிமேல் ‘உரசாதவர்’ என்று அழைக்கலாம்.

காட்டுவண்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்து, மலை, மணல், சேறு எதிலும் போகும் என்று விளம்பரத்தில் காட்டி, கடைசியில் பேரங்காடியின் இரண்டாவது தளத்தில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தப்படுகிற வண்டி அது. உரசாதவருக்கும் காட்டுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். என் எதிர்வீட்டில் ஓர் உரசாதவர் இருப்பதால் ஆராய்ச்சிக்காக நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரு பெரிய அலுவலகத்தில், மற்றவர்கள் எடுத்த விடுமுறை சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை அவருக்கு. வீட்டிலிருந்து அலுவலகம் ஏழு கிலோமீட்டர், வழுவழுவென்ற தார்ச்சாலை. வழியில் இருக்கிற ஒரே மேடு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருக்கும் வேகத்தடை. ஒருமுறை மழை பெய்து மைதானமெல்லாம் சேறாகிக் கிடந்தபோது அங்கே வண்டியை இறக்கி ஏற்றினார். அந்தச் சேற்றை மூன்று வாரம் கழுவவில்லை.

அப்படியானால் பெரிய டயர் எதற்கு? கேட்காதீர்கள். கேட்டால் சொல்வார்.

“சார், டயர்தான் வண்டிக்கு முகம்” என்றார் என்னிடம். முகம் முன்பக்கம் இருக்கும் என்றொரு எண்ணம் எனக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் தலையாட்டினேன். தலையாட்டுகிறவரை உரசாதவர் விடமாட்டார்; கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப் போய்விடுவார். இந்தத் தெருவில் நானும், தபால்காரரும், குழாய் பழுதுபார்க்க வந்தவரும், வழி தவறி மணியடித்தவரும் அந்தச் சடங்கைச் செய்து முடித்திருக்கிறோம்.

“விரலை விடுங்க சார்.”

“எங்க?”

“இங்கதான், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல. போகுதா?”

“போகுது.”

“எத்தனை விரல்?”

“ரெண்டு.”

“அவ்வளவுதான் சார். ரெண்டு விரல் போச்சுன்னா உரசவே உரசாது.”

வண்டி அப்போது அணைந்து, நேராக, காலியாக நின்றுகொண்டிருந்தது. நிற்கிற வண்டி உரசாது என்பதை நானும் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஓடும்போது விரலை விட்டுப் பார்க்கும்படி அவர் இதுவரை யாரையும் கேட்டதில்லை. நல்ல மனிதர்.

ஆனால் அந்த வண்டியில் ஒருமுறை ஏறிப் போனவர்களுக்கு ஒரு சத்தம் கேட்கும். தெருமுனையில் திரும்பும்போது, பெரிய பாத்திரத்தை யாரோ தேங்காய் நாரால் தேய்ப்பது போல, முன்பக்கத்து இடது மூலையிலிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம். உள்ளே இருக்கும் எல்லோரும் கேட்பார்கள். வெளியே நிற்பவர்களும் கேட்பார்கள். நடைபாதையில் படுத்திருந்த பூனை எழுந்து போனதை நானே பார்த்தேன். உரசாதவருக்கு மட்டும் கேட்காது. கேட்டதா என்று கேட்டால், புது டயர் முதல் ஆயிரம் கிலோமீட்டர் அப்படித்தான் பேசும் என்பார், ரோடு சரியில்லை என்பார், பின்சீட்டில் குடை உருளுகிறது என்பார், உங்கள் பக்கத்துக் கண்ணாடி சரியாக ஏறவில்லை என்பார், கடைசியில் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார். உரசாதவர்களின் வண்டியில் பாட்டு எப்போது உரக்க ஒலிக்கும் என்று கவனித்துப் பாருங்கள். வளைவுகளில்.

விடாமல் கேட்கிறவர்களும் உண்டு. அவருடைய மனைவியின் தம்பி அப்படிப்பட்டவர். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால் எந்தச் சத்தத்தையும் சும்மா விடமாட்டார். இந்த மைத்துனருக்கும் உரசாதவருக்கும் நடந்த ஒரு பேச்சை, நடுவில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு, நான் முழுதாகக் கேட்டேன்.

“அத்தான், டயர் உரசுது.”

“உரசாது மாப்ள.”

“இப்ப உரசிச்சே!”

“அது ரிவர்ஸ்ல மட்டும்.”

“நாம முன்னாடிதானே போயிட்டிருக்கோம்?”

“இடது பக்கம் ஒடிச்சா மட்டும். அதுவும் முழுசா ஒடிச்சா. பின்னாடி ரெண்டு பேரு உக்காந்து, முழுசா ஒடிச்சு, சக்கரம் ஒரு மேட்டுல ஏறினா மட்டும்…”

“மட்டும்?”

“அப்பவும் உரசறது இல்ல மாப்ள. தொடுறது.”

மைத்துனர் கண்ணாடியை இறக்கி, சத்தம் வந்த மூலையை எட்டிப் பார்த்தார். பிறகு, “எங்க லிஃப்ட்டும் இப்படித்தான் அத்தான், விழறதே இல்ல. கீழ போகும், அவ்வளவுதான்” என்றார்.

உரசாதவர் ஏதோ சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். வாக்கைக் காப்பாற்ற அவர் படும் பாடு கொஞ்சமல்ல. உலகத்தின் எல்லா மூலைகளிலும் இருக்கிற உரசாதவர்கள் எழுதிவைத்ததையெல்லாம் ஆங்கிலத்தில் படிப்பார். படித்ததை மனைவியிடம் தமிழில் வாதாடுவார். அளவுகள் எல்லாம் அந்த மொழியில், சமாதானங்கள் எல்லாம் இந்த மொழியில். வண்டியை ஸ்பிரிங்குக்கு மேல் வளையம் வைத்து இரண்டு அங்குலம் தூக்கினார். அதன் பிறகு அவர் மனைவி ஏறுவதற்கு ஒரு சின்ன முக்காலி வேண்டியிருந்தது. அது இன்றும் வண்டியில் கூடவே பயணம் செய்கிறது. மட்கார்டின் உட்புறத்து பிளாஸ்டிக்கை இளக்கிப் பின்னால் தள்ளுவதற்கு மனைவியின் ஹேர் டிரையரை எடுத்தார். அன்றிலிருந்து அந்த அம்மாள் தலை உலர்த்தினால் வீடெல்லாம் வண்டி வாசனை. குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணை வாங்கி வந்து, மட்கார்டின் உள்ளே உருண்டை உருண்டையாக ஒட்டி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். உருண்டைகள் அப்பளமாகியிருந்தன.

“களிமண்ணைக் கொஞ்சம் பெருசா வச்சுட்டேன்” என்றார்.

மனிதர்களில் பொய் சொல்கிறவர்கள் உண்டு, உண்மை சொல்கிறவர்கள் உண்டு. உரசாதவர் இரண்டிலும் சேர்த்தியில்லை. அவர் முதலில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுவார். பிறகு உலகத்தை அந்த வாக்கியத்தின் அளவுக்கு வெட்டிக்கொண்டு வருவார். சின்ன ரம்பத்தால் பம்பரின் ஓரத்தைப் பிறை பிறையாக அவர் அறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அறுத்த துண்டுகளை எறிவதில்லை. சாப்பாட்டு மேசை இழுப்பறையில், ரப்பர் பேண்டுகளுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவில், அவை பத்திரமாக இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கர்ர்ர் போகவில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் வந்துவிடும். அப்போதுதான் அவர் அந்த மகத்தான கண்டுபிடிப்பைச் செய்தார். முழுதாக ஏன் ஒடிக்க வேண்டும்?

ஒரு துண்டு சிவப்பு டேப்பை எடுத்து ஸ்டியரிங்கின் உச்சியில் ஒட்டினார். சக்கரம் நேராக இருக்கும்போது டேப் உச்சியில் இருக்கும். ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் மறுபடி உச்சிக்கு வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ஸ்டியரிங் அதற்கு மேலும் அரைச் சுற்றுச் சுற்றும். ஆனால் அந்த அரைச் சுற்றில்தான் டயர் தொடுகிறது. ஆகவே அதற்கு ‘தேவையில்லாத அரைச் சுற்று’ என்று பெயர் வைத்தார். குடும்பத்தையே வண்டியில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

“கம்பெனிக்காரன் சும்மா ஒரு இதுக்காக வச்சிருக்கான். அதை யாரும் பயன்படுத்தறதில்ல” என்றார்.

அன்று முதல் டயர் உரசவில்லை. வண்டி திரும்பவும் இல்லை.

ஒரு குடும்பம் எதற்கெல்லாம் பழகிக்கொள்ளும் என்பதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் மனைவி பால் வாங்கப் போனால், தெருமுனையில் வண்டியைத் திருப்ப முடியாமல், ஆற்றுப்பாலம் வரை போய் அங்கிருக்கும் பெரிய ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு வருவார். கடைகளை, விலை பார்த்தோ தரம் பார்த்தோ அல்ல, வாகன நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் வழி இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஒருநாள் நானே கேட்டேன், கஷ்டமாக இல்லையா என்று.

“அதெல்லாம் பழகிடுச்சுங்க. ஒரே ஒரு விஷயம், சந்துக்குள்ள இருக்கற சொந்தக்காரங்க வீட்டுக்கு இப்ப போறதில்ல. அவங்க நாங்க கோவிச்சுக்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இதுவரைக்கும் சிரிக்கலாம். அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, படித்தவள். விழுந்து எழுந்த முதியவர்களின் வீட்டுக்கே போய், கையைப் பிடித்து மறுபடி நடக்கப் பழக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. நாளொன்றுக்கு ஆறு வீடு. வண்டி ஓட்டத் தெரியாமல் முடியாது. அடுத்த மாதம் முதல் தேதி ஓட்டுநர் உரிமத்தோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்தவருக்கு வேலை போய்விடும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அவள் நான்கு வருடம் படித்தது அந்த ஒரு வேலைக்காக. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அப்பாவிடம். அப்பாவின் வண்டியில். சிவப்பு டேப்பைப் பார்த்து.

முதல் தேர்வுக்கு அந்த வண்டியிலேயே போனாள். எல்லாம் நன்றாகச் செய்தாள். கடைசியில் தேர்வாளர் ஓர் அமைதியான தெருவில் நிறுத்தச் சொல்லி, வண்டியை வந்த திசைக்கே திருப்பச் சொன்னார். மூன்று அசைவில் முடிய வேண்டிய வேலை: முன்னால், பின்னால், முன்னால். அவளுக்குப் பதினொன்று ஆயிற்று. ஏழாவது அசைவின்போது ஒரு தாய் தள்ளுவண்டியோடு நின்று வேடிக்கை பார்த்தாளாம். ஒன்பதாவதில் அந்தத் தாய்க்கே சலித்து, தள்ளிக்கொண்டு போய்விட்டாளாம்.

“ஏம்மா, முழுசா ஒடிக்கலாமே?” என்று கேட்டாராம் தேர்வாளர்.

“முழுசாதான் சார் ஒடிச்சேன்” என்றாளாம் இவள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யல்ல.

அப்பா செய்தியைக் கேட்டுவிட்டு, “தெரு குறுகல்” என்றார்.

இரண்டாவது தேர்வுக்குப் பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில் போனாள். தொட்டால் திரும்பும் வண்டி. எந்த டேப்பும் இல்லை, எதுவும் எங்கும் உரசாது. அதே தெரு. அவள் ஸ்டியரிங்கைச் சுற்றினாள். ஒரு சுற்று ஆனதும் கை நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, கைதான் நின்றது. முன்னால், பின்னால், முன்னால், பின்னால். நடைபாதையில் பின்சக்கரம் ஏறியதும் தேர்வாளர் பேனாவை எடுத்துவிட்டார். பள்ளியின் ஆசிரியை, உனக்கு யாரம்மா ஓட்டக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாராம். அப்பாவின் பெயரை அவள் சொல்லவில்லை.

“எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் ஓட்டுவாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது தேர்வுக்குப் பதினாறு நாள் இருந்தது. அதிலும் தவறினால் ஆறு மாதம் விண்ணப்பிக்க முடியாது. பயிற்சிப் பள்ளியில் தேர்வன்று காலை ஒரு மணி நேரம்தான் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை மைத்துனர் வந்திருந்தார். எனக்கு வந்த ஒரு கடிதத்தில் ஏதாவது அபராதம் இருக்கிறதா என்று தாமே படித்துச் சொல்வதாக உரசாதவர் என்னையும் கூப்பிட்டிருந்தார். அப்படித்தான் அந்த வழக்கு விசாரணையில் நான் சாட்சியானேன்.

“அப்பா, ஒண்ணு கேக்கவா?” என்றாள் மகள்.

“கேளும்மா.”

“கராஜ்ல பழைய டயர் நாலும் இருக்குல்ல? ரெண்டு வாரத்துக்கு மட்டும் அதை மாட்டிக் குடுங்கப்பா. தினமும் தெருவுல நாலு தடவை முழுசா ஒடிச்சுப் பழகிக்கறேன். அப்புறம் உங்க டயரையே போட்டுக்குங்க.”

அந்தப் பழைய டயர்கள் இருப்பது உண்மை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். மைத்துனர், “நான் மாத்திக் குடுக்கறேன், அத்தான் எழுந்திருக்கக்கூட வேண்டாம்” என்றார்.

உரசாதவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எதுக்கும்மா மாத்தணும்? இந்த டயர்தான் உரசவே உரசாதே.”

“அப்ப இதுலயே முழுசா ஒடிக்கலாமா?”

நான் பல நாடுகளின் நுழைவு வரிசைகளில் நின்றிருக்கிறேன். தவறான காகிதத்தை நீட்டிவிட்டோமோ என்று அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த மேசையில் அன்று உரசாதவரின் முகத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒடிக்கலாம்” என்றார் உரசாதவர். “ஆனா தேவையில்ல.”

“எனக்குத் தேவைப்பா.”

“அதான் நீ ஒரு சுத்துலயே…”

“ரெண்டு தடவை ஃபெயில் ஆயிட்டேன்ப்பா.”

“என்னங்க” என்றார் மனைவி. அவ்வளவுதான் சொன்னார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அளவு உண்டு என்று அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

உரசாதவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஓர் ஒளி வந்திருந்தது. நான் ஏமாந்தேன், மைத்துனரும் ஏமாந்தார், பழைய டயரை எடுக்க அவர் பாதி எழுந்தேவிட்டார்.

“வேண்டாம், உக்காரு” என்றார் உரசாதவர். “என் பொண்ணுக்காக நான் செய்யறேன். முழுசா ஒடிச்சாலும் உரசாத மாதிரி இந்த வண்டியை மாத்தறேன். லீவு போடறேன். ரெண்டே நாள்.”

மறுநாள் காலை வண்டியை நான்கு பக்கமும் ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைக் கழற்றினார். அதாவது, மகள் பழகுவதற்கு இருந்த ஒரே வண்டியை, மகள் பழகுவதற்காக, ஓட முடியாதபடி செய்தார். இரண்டு நாள் நான்கானது. நான்கு ஒன்பதானது. மட்கார்டின் உள்பக்கத்துத் தகட்டைச் சுத்தியலால் தட்டி மடித்தார். கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி இடம் மாற்றினார். இப்போது அது சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நடுவில் ஒரு போல்ட் வரவேண்டியிருந்து வரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் எதிர்வீட்டில் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். இந்தச் சுத்தியல் சத்தத்துக்கு யாராவது புகார் எழுதிவிடுவார்களோ, பக்கத்தில் குடியிருக்கும் குற்றத்துக்கு எனக்கும் ஒரு பிரதி வருமோ என்று நான் தபால் பெட்டியைத் தினமும் இரண்டு தடவை பார்த்தேன்.

வேலையிலிருந்து திரும்பும் வழியில் மைத்துனர் தினமும் வந்தார். சாப்பாட்டு மேசையில் மகளை உட்காரவைத்து, பெரிய பாத்திரத்தின் மூடியை ஸ்டியரிங்காக அவள் கையில் கொடுத்தார்.

“ஒடி. இன்னும். இன்னும் ஒடி.”

“ஒரு சுத்து ஆச்சு மாமா.”

“ஆகட்டும். இன்னும் அரைச் சுத்து.”

“கை நிக்குது மாமா.”

“கையை நான் பாத்துக்கறேன், நீ ஒடி. ஆங். இப்ப இந்தப் பக்கம். உங்கப்பா காதுல விழாம ஒடி.”

அவள் சிரித்துவிட்டாள். கராஜில் சுத்தியல் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

தேர்வு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. காலையில் பயிற்சிப் பள்ளியின் கார் வந்து அவளை அழைத்துப் போயிற்று. அவள் கராஜ் பக்கம் பார்த்து, “வரேன்ப்பா” என்றாள். “நல்லாப் பண்ணும்மா, நீ வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

சொன்னபடியே முடித்துவிட்டார். பதினொன்றே முக்காலுக்கு என் வீட்டு மணி அடித்தது. கையெல்லாம் கறுப்பு, நெற்றியில் ஒரு கீறல், கண்ணில் தூக்கமில்லை.

“வாங்க சார். காதை வச்சுக் கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

போனேன். வண்டி பதினாறாவது நாளில் தரையில் நின்றது. முன்பக்கம் பம்பரின் இரண்டு மூலைகளும் இல்லை. மட்கார்டின் உட்புறம் இல்லை. சேறு தடுக்கும் ரப்பர் இல்லை. உரசுவதற்கென்று அங்கே எதுவும் பாக்கியில்லை. ஃபோனைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பினார். டேப்பை உரித்து வெளியே எறிந்தார். இடது பக்கம் ஒடித்தார். ஒரு சுற்று. அதற்கு மேல் அரைச் சுற்று. நான் சக்கரத்தின் அருகே குனிந்து நின்றேன். வலது பக்கம் ஒடித்தார். மெதுவாக முன்னால் உருட்டினார்.

“கேட்டுச்சா சார்?”

“ஒண்ணும் கேக்கல.”

“அதான் சார்! அதான்!” ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினார். “நான் மொதல்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அப்போது ஃபோன் அடித்தது. அடிக்கும் போதெல்லாம் அதிர்ந்து, பானெட்டின் சரிவில் ஒரு நூல் ஒரு நூலாக இறங்கியது. திரையில் ‘பாப்பா’ என்று இருந்தது. வாசலில் மனைவி வந்து நின்றார், கை ஈரத்தோடு.

“என்னங்க, அவதான். எடுங்க.”

அவர் கண்ணாடி வழியாக ஃபோனைப் பார்த்தார். எங்கள் மூவருக்கும் தெரியும், அந்தச் சின்னப் பெட்டிக்குள் இரண்டில் ஒன்று இருக்கிறது. வேலை இருக்கிறது, அல்லது ஆறு மாதம் இருக்கிறது. முதலாவதாக இருந்தால், அந்தப் பாத்திர மூடி செய்த வேலை. இரண்டாவதாக இருந்தால்… அவர் கை கியரில் இருந்தது.

“ஒரு நிமிஷம்” என்றார். “ரிவர்ஸ்லயும் ஒரு தடவை பாத்துடறேன்.”

நான் எடுத்திருக்கலாம், கைக்கெட்டும் தூரம்தான். பிறர் வீட்டுச் செய்தியை முதலில் கேட்கிற துணிச்சல் எனக்கு எந்த ஊரிலும் வந்ததில்லை. மனைவி படியிறங்கி ஓடி வருகிறார். செருப்பு ஒன்று பின்னால் தங்கிவிட்டது. வண்டி, துளிச் சத்தமில்லாமல், ஃபோனையும் சுமந்துகொண்டு பின்னால் போகிறது.

உங்களிடம் வண்டியே இல்லை, நீங்கள் பேருந்தில் போகிறவர், உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் எனக்குச் சொல்லப் போவது தெரியும். இருக்கலாம். ஆனால் ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது, அது உண்மையாக இருப்பதற்காக அன்று உங்கள் வீட்டில் யார் யார் ஆற்றுப்பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார்கள் என்று சாவகாசமாக விசாரித்துப் பாருங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். பழகிவிட்டது என்பார்கள்.

ஐந்தாவது தடவை அடிக்கிறது. ஃபோன் பானெட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது.